டீசல் ஜீப்பா, பெற்றோல் ஜீப்பா: பாவித்த வாகனம் தேடும் திருகோணமலைக் குடும்பங்களுக்கு

பாவித்த ஜீப் ஒன்றைப் பார்க்கப் போவதற்கு முன்னர், உங்கள் குடும்பம் ஒரு கிழமையில் எங்கெங்கு போய் வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உப்புவெளியிலிருந்து நகரப் பாடசாலைக்கு எத்தனை தடவை, சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் எத்தனை தடவை, மாதத்தில் எத்தனை முறை கண்டிக்கோ கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ நீள ஓட்டம், வயலுக்கோ கடற்கரை மணலுக்கோ இறங்க வேண்டிய நாட்கள் எத்தனை என்று உண்மையான கணக்கைப் போடுங்கள். டீசலா பெற்றோலா என்ற கேள்விக்கு விடையின் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும். நான் இரண்டு வகையையும் வைத்து ஓடியவன். முதல் தடவை இந்தத் தாளை எழுதாமல் வாங்கியதன் செலவை இன்னும் மறக்கவில்லை. நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் எதுவாயினும், பஜேரோவோ பிராடோவோ எக்ஸ்-ட்ரெயிலோ, நம்மவர் வாயில் அது ஜீப்தான். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

தாளில் குறுகிய ஓட்டங்கள் நிறைந்திருந்தால் அதை முதற் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் எஞ்சின் கனமானது. சரியான சூட்டுக்கு வர நேரம் எடுக்கும். நான்கைந்து கிலோமீற்றர் ஓடி, பிள்ளைகளை இறக்கி, நிறுத்தி, மீண்டும் முடுக்கும் வாழ்க்கை அதற்கு ஒத்துவராது. முழுதாக எரியாத கரி, புகையை மீண்டும் உள்ளே அனுப்பும் வால்விலும் காற்று உள்ளே போகும் குழாயிலும் படிந்துகொண்டே வரும். சற்றுப் புதிய டீசல் ஜீப்புகளில் புகைக்குழாயோடு கரிவடிகட்டியும் இருக்கும். சேர்ந்த கரியை அது தானே எரித்துத் தள்ளுவதற்குள் ஏறக்குறைய 600 பாகை வரை சூடேற வேண்டும். உட்துறைமுக வீதியில் ஊர்ந்து போகும் வாகனத்தில் அந்தச் சூடு ஏறாது. நம் ஊர் வெயில் இதற்குக் கொஞ்சம் உதவும் என்றாலும், வெயிலை நம்பி வடிகட்டி துப்புரவாகிவிடாது. பெற்றோல் எஞ்சின் விரைவில் சூடேறிவிடும் என்பதால் இத்தகைய சில்லறை ஓட்டத்தை அலுப்பின்றிப் பொறுத்துக்கொள்ளும்.

அடுத்து விலை. டீசல் மலிவு என்பது நம் தலைமுறை பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்த பேச்சு. அது ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது. 2021 யூனில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 157 ரூபாவாகவும் ஓட்டோ டீசல் 111 ரூபாவாகவும் விற்கப்பட்டன. ஓராண்டு கழித்து, 2022 யூன் இறுதியில், அதே பெற்றோல் 470 ரூபாவுக்கும் டீசல் 460 ரூபாவுக்கும் வந்து நின்றன. அந்த ஒக்டோபரிலோ பெற்றோல் 370 ஆகக் குறைய, டீசல் 415 ஆக அதை முந்திவிட்டது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளைத் தினமும் பார்த்துக்கொண்டே நாமும் அந்த ஆண்டு கலன்களோடு வரிசையில் நின்றோம் என்பது வேறு கதை. இப்போது விலைகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. இன்றைய பத்து இருபது ரூபா வித்தியாசத்தை நம்பி, பத்து ஆண்டு வைத்திருக்கப் போகும் வாகனத்தைத் தெரிவு செய்வது கூடாது. டீசலுக்கு இன்னும் எஞ்சியிருக்கும் உறுதியான அனுகூலம் ஒன்றுதான்: ஒரு லீற்றரில் அது அதிக தூரம் ஓடும். டீசலில் லீற்றர் ஒன்றுக்குப் பெற்றோலைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலான சக்தி இருக்கிறது. காற்றை அதிகமாக அமுக்கி எரிப்பதால் அந்தச் சக்தியில் வீணாவதும் குறைவு.

அந்த அனுகூலம் எவ்வளவு பெறும் என்பதை ஒரு கணக்காகப் பார்ப்போம். எளிமைக்காக இரண்டு எரிபொருளும் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர அளவுள்ள ஜீப் பெற்றோலில் லீற்றருக்கு 7 கிலோமீற்றரும் டீசலில் 10 கிலோமீற்றரும் ஓடுகிறது என்போம். வருடம் 12,000 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்குப் பெற்றோல் ஏறக்குறைய 1,714 லீற்றரும் டீசல் 1,200 லீற்றரும் தேவை. மிச்சம் வருடத்துக்கு ஒன்றரை இலட்சம் ரூபாவைச் சற்றே தாண்டும். அதே ஆண்டு உற்பத்தியான டீசல் ஜீப்புக்கு விற்பவர் 15 இலட்சம் கூடுதலாகக் கேட்டால், அந்தப் பணம் திரும்பி வரப் பத்து வருடம் போய்விடும், அதுவும் இடையில் ஒரு பெரிய திருத்தம்கூட வராமல் இருந்தால். வருடம் 25,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அதே மிச்சம் மூன்று இலட்சத்துக்கு மேல். அவருக்கு ஐந்து வருடத்துக்குள் கணக்கு நேராகிவிடும். உங்கள் தாளிலுள்ள தூரத்தையும், நீங்கள் பார்த்துவந்த இரண்டு வாகனங்களின் விலை வித்தியாசத்தையும், அன்றைய எரிபொருள் விலையையும் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்ததால் பழைய ஜீப்புகளின் விலை தாறுமாறாக ஏறியது. பெரிய வி-6 பெற்றோல் ஜீப்புகள் மட்டும் அவற்றின் தாகத்துக்குப் பயந்தவர்களால் ஒதுக்கப்பட்டு, டீசல் சகோதரர்களைவிட மலிவாகவே கிடைத்து வந்துள்ளன.

டீசல் என்றால் எந்த டீசல்?

டீசல் ஜீப் வாங்குவதென்று முடிவு செய்பவரும் இன்னொரு கேள்விக்கு விடை காண வேண்டும், ஏனென்றால் சந்தையில் டீசல் ஜீப்புகள் இரண்டு தலைமுறையாக இருக்கின்றன. தொண்ணூறுகளின் பஜேரோவிலும் பிராடோவிலும் வந்த 4எம்40, 1கேஸெட் போன்ற எஞ்சின்கள் சுழலும் பம்பினால் டீசலை அனுப்புபவை. அழுத்தம் குறைவு, எண்ணெய் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும், நம் ஊர் கராஜ்களில் அவற்றைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டியும் அதன் பின்னரும் வந்த கொமன் ரெயில் எஞ்சின்கள் (டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை), பஜேரோவின் பிந்திய 4எம்41உம் பிராடோவின் 1கேடியும் கொரிய ஜீப்புகளில் பெரும்பாலானவையும் உட்பட, டீசலை 1,300 முதல் 1,800 பார் வரையான அழுத்தத்தில் பீச்சுகின்றன. நாம் ரயருக்கு அடிக்கும் காற்று 2 பாரை ஒட்டியது என்பதோடு ஒப்பிட்டால் அந்த அழுத்தம் என்னவென்று விளங்கும். வலு கூட, சத்தம் குறைவு, எண்ணெய்ச் செலவும் குறைவு. ஆனால் இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளிகள் தலைமயிரின் பருமனைவிடப் பலமடங்கு நுண்மையானவை. அவற்றுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரோ துருத்தூளோ போனால் மன்னிப்புக் கிடையாது.

நான் வாங்கிய முதலாவது டீசல் ஜீப் அப்படிப்பட்டதே. வாங்கி நான்காவது மாதம், கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகும் காட்டு வீதியில், மாலை மங்கும் நேரத்தில், வேகம் எடுக்க மறுத்து, இரண்டு முறை உதறி நின்றுவிட்டது. பின் ஆசனத்தில் இரண்டு பிள்ளைகளும் மாமியும். யானை கடக்கும் வீதி என்று பலகை போட்டிருக்கும் இடத்தில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மறுநாள் கராஜில் டீசல் வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் வடித்தபோது, மேலே மங்கிய மஞ்சள் டீசலும் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீரும், அதற்கும் அடியில் தேயிலைத் தூள் போன்ற துருவும் நின்றன. தாங்கியின் உட்புறம் பல காலமாகத் துருப்பிடித்திருக்கிறது. விற்றவர் அதை அறிந்திருந்தாரோ இல்லையோ, நான் அந்தத் திருகைத் தளர்த்திப் பார்க்காதது என் பிழை. நான்கு இன்ஜெக்டர்களும் போயின. செலவு இலட்சங்களில் முடிந்தது.

இதனால் கொமன் ரெயில் டீசலைப் பார்க்கப் போகும்போது ஒரு வெற்றுக் கண்ணாடிப் போத்தலைக் கையோடு கொண்டுபோகச் சொல்வேன். விற்பவர் சம்மதித்தால் வடிகட்டியின் அடியிலிருந்து கால் போத்தல் வடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள்; சம்மதிக்காவிட்டால் அதுவும் ஒரு விடைதான். இன்னொரு சந்தேகமும் மனதில் இருக்கட்டும். மண்ணெண்ணெய் டீசலைவிட மிகவும் மலிவாக விற்ற காலத்தில், அதை டீசலோடு கலந்து ஓடிய வாகனங்கள் நம் கரையோரத்தில் இல்லாமல் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு என்பதால் உயரழுத்தப் பம்பு உள்ளுக்குள் தேய்ந்து, உலோகத் துகளை இன்ஜெக்டர் வரை அனுப்பிவிடும். வாகனம் முன்பு எந்தத் தொழிலுக்கு ஓடியது, எங்கே எண்ணெய் அடித்தது என்று பேச்சோடு பேச்சாக விசாரியுங்கள். ஸ்கானர் வைத்திருக்கும் பாஸ் ஒருவரைக் கூட்டிப் போனால், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் எஞ்சின் கணினி எவ்வளவு திருத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை எண்களாகப் பார்க்கலாம். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நின்றால் விலையைக் குறைத்துக் கேட்பதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று தீர்மானியுங்கள். 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வளையம் கசிந்து, கரி ஒயிலோடு சேர்ந்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும் குறை பெயர்போனது. அந்த வளையங்கள் மாற்றப்பட்ட பற்றுச்சீட்டு இருந்தால் அது பெறுமதியான காகிதம். வாங்கிய பிறகும், கந்தகம் குறைந்த சுப்பர் டீசலை அடிக்கக் கட்டுப்படியாகுமா என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தலைமுறை டீசலின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. அவற்றுக்குச் சூடு ஆகாது. 1கேஸெட் எஞ்சின் ஒருமுறை கொதித்தால் தலைப்பாகம் வெடிப்பது வழக்கம். என் மைத்துனர் ஒருவர் அத்தகைய பிராடோவில் விருந்தினரை ஏற்றிக்கொண்டு கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைக் காட்டப் போய், வழியிலேயே எட்டாவது கிணறு ஒன்றைப் பொனட்டுக்குள் காட்டிவிட்டார் என்று குடும்பத்தில் இன்னும் சொல்லிச் சிரிப்போம். ஆகையால் ரேடியேட்டரும் விசிறிக் கிளச்சும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை எரிபொருள் பம்பைப் போலவே கவனித்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோலின் பக்கம்

பெற்றோல் ஜீப்பில் பார்க்க வேண்டியவை குறைவு, பயப்பட வேண்டியவையும் குறைவு. எக்ஸ்-ட்ரெயில், சிஆர்-வி, ரவ்4, எஸ்குடோ போன்ற 2 லீற்றர் நாற்சிலிண்டர் வாகனங்கள் குடும்பத்தைச் சுமக்கப் போதுமானவை. எண்ணெய்ச் செலவும் தாங்கக்கூடியது. 3 லீற்றரும் அதற்கு மேலுமான வி-6 பஜேரோ, பிராடோ வகைகள் நகரத்துக்குள் லீற்றருக்கு ஐந்தாறு கிலோமீற்றருக்கு மேல் தருவது அருமை. ஆனாலும் அவற்றை அப்படியே ஒதுக்கிவிடத் தேவையில்லை. மாதத்தில் ஐந்நூறு கிலோமீற்றர்கூட ஓடாத, ஆனால் ஏழு பேர் ஏறும் வீட்டுக்கு, மலிவாகக் கிடைத்த வி-6 புத்திசாலித்தனமான தெரிவாக முடிந்ததைக் கண்டிருக்கிறேன். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினானால் அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். சாவியை முடுக்குவதற்குச் சற்று முந்திய நிலைக்குத் திருப்பும்போது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பும்போதே எரியாத விளக்கு, யாரோ அணைத்து வைத்த விளக்கு. முன்பு எரிவாயுத் தொகுதி பூட்டிக் கழற்றிய தடயம் பின்பெட்டியில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். ஹைபிரிட் ஜீப்புகளைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. அவற்றில் பற்றரியின் நிலைதான் விலை, அது தனிக் கதை.

மணலிலும் சேற்றிலும் டீசலுக்கு மறுக்க முடியாத மேன்மை உண்டு. நிலாவெளிக்கு வடக்கே வீதியைவிட்டு இறங்கும் தளர்ந்த மணலிலோ, மாரியில் தம்பலகாமத்து வயல் வரம்போடு போகும் களிப்பாதையிலோ, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் இழுவைதான் வாகனத்தை வெளியே கொண்டுவரும். பெற்றோல் எஞ்சினை உறுமவிட்டு இழுக்கப் பார்த்தால் சில்லு தோண்டிக்கொண்டு புதையும். அதிலும் எக்ஸ்-ட்ரெயில், சிஆர்-வி போன்றவற்றில், மெதுவாக ஆனால் கூடிய இழுவையோடு ஓட உதவும் தாழ்கியர் கிடையாது. படகைக் கட்டி இழுக்கிறவருக்கும் டீசலே பொருத்தம். வெள்ளத்தில் டீசல் நிற்காது என்ற பேச்சை மட்டும் அரைவாசிதான் நம்ப வேண்டும். பற்றவைக்கும் பிளக்கோ கொயிலோ இல்லாததால் நனைந்தாலும் அது ஓடும் என்பது சரி. ஆனால் காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் ஏறினால், அமுக்கம் அதிகமான டீசல் எஞ்சினுக்குள்தான் தண்டுகள் மோசமாக வளையும். ஆசனத்துக்கு அடியில் காய்ந்த சேறோ, ஒயிலில் பாற்கோப்பி நிறமோ தெரியும் வாகனத்தை, அது எந்த எரிபொருளில் ஓடினாலும், வாங்க வேண்டாம். கடற்கரைப் பாவனையில் அடிச்சட்டம் துருப்பிடிப்பதும் அப்படியே இரண்டுக்கும் பொது. கீழே படுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பார்க்கப் போகும் காலை

விற்பவரிடம், காலை ஆறரைக்கு வருகிறேன், அதற்கு முன் முடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பொனட்டில் உள்ளங்கையை வையுங்கள். அது சூடாக இருந்தால், குளிரில் முடுக்கினால் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உங்களுக்குக் காட்ட அவர் விரும்பவில்லை என்று அர்த்தம். டீசலானால் சூடாக்கி விளக்கு அணையும்வரை காத்திருந்து முடுக்குங்கள். ஓரிரு சுற்றில் பிடிக்க வேண்டும். ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். முதல் சில வினாடிகளின் வெண்புகையைப் பொருட்படுத்த வேண்டாம். அது விடாமல் தொடர்ந்தால் இன்ஜெக்டரோ அமுக்கமோ சரியில்லை. நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது. மிதிக்கும்போது கரும்புகை கொட்டினால் காற்றுக் குறைவு அல்லது எண்ணெய் மிகுதி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, கவிழ்த்து அந்த வாயிலேயே வையுங்கள். மெல்ல நடுங்கினால் பரவாயில்லை. குதித்துக் கீழே விழுந்தால் எஞ்சின் வயதாகிவிட்டது, பேரம் பேசுவதில் பயனில்லை.

சூடான பிறகு ஏ.சி.யைப் போட்டு, கன்னியா தாண்டி மொரவெவ பக்கமாக அரை மணி நேரம் ஓடிப் பாருங்கள். முடிந்தால் கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், வெயில் ஏறிய பிறகு. சூடு காட்டும் முள் நடுவிலிருந்து மேலே நகரவே கூடாது. திரும்பி வரும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு அது வருடந்தோறும் தேவை, டீசலுக்குப் புகையின் அடர்த்தியையும் பெற்றோலுக்குக் காபனோரொட்சைட்டையும் எரியாத எண்ணெயாவியையும் அளப்பார்கள். அளவு எல்லையைத் தொட்டுக்கொண்டு தப்பியிருந்தால் அடுத்த வருடம் உங்களுக்குத் தலையிடி. பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் வகை எதுவென்று எழுதியிருக்கிறது, எஞ்சின் இலக்கம் எஞ்சினில் வெட்டியிருப்பதோடு பொருந்துகிறதா என்பதையும் நேரில் ஒப்பிடுங்கள். பெற்றோலாகப் பிறந்து, இடையில் டீசல் எஞ்சின் ஏற்றப்பட்ட ஜீப்புகள் நிறைய ஓடுகின்றன; மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருந்தால் குற்றமில்லை, பதியப்படாதிருந்தால் காப்புறுதியும் கைமாற்றமும் சிக்கலாகிவிடும்.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். நகரத்துக்குள் சுற்றி, வருடம் 12,000 அல்லது 15,000 கிலோமீற்றருக்குள் ஓடும் குடும்பம், நாற்சிலிண்டர் பெற்றோல் ஜீப்பை வாங்கட்டும். 20,000ஐத் தாண்டுகிறவர், மாதம் பலமுறை கொழும்புக்கு 260 கிலோமீற்றர் ஓடுகிறவர், வயலும் படகும் உள்ளவர், பற்றுச்சீட்டுகளோடு வரும் டீசலைத் தேடட்டும். உதிரிப்பாகத்துக்குக் கொழும்பின் பஞ்சிகாவத்தை வரை ஆள் அனுப்ப வேண்டி வரும் என்பதையும் தெரிந்துகொண்டு. இரண்டுக்கும் இடையில் இருக்கிறவர் எரிபொருளை மறந்துவிட்டு, பார்த்த வாகனங்களுள் நன்றாகப் பராமரிக்கப்பட்டதை எடுக்கட்டும்.

பெற்றோல் வாகனத்திலிருந்து டீசலுக்கு மாறுகிறவருக்கு இன்னும் ஒன்று. பெற்றோல் பம்பின் மூக்கு மெல்லியது. டீசல் தாங்கியின் வாய்க்குள் தடையின்றி நுழைந்துவிடும். பல ஆண்டுப் பழக்கத்தில் பெற்றோல் செட்டுக்குப் போனதும் வாய் தானாகவே பெற்றோல் என்று சொல்லும், வாகனத்தைப் பிள்ளைகளில் ஒருவர் எடுத்துப் போனால் இன்னும் சுலபமாகப் பிழைக்கும். ஆகவே மூடியின் உட்புறத்தில் டீசல் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பிழையாக அடித்துவிட்டது தெரிந்தால் சாவியை முடுக்குவதற்குச் சற்று முந்திய நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள், ஏனெனில் பல வாகனங்களில் தாங்கிக்குள் உள்ள பம்பு அப்போதே ஓடத் தொடங்கிவிடும். நியூட்ரலில் போட்டுத் தள்ளி ஓரமாக நிறுத்தி, தாங்கியை முழுதாக வடித்த பிறகே முடுக்குங்கள்.